அட்டையில் அச்சான சிரிப்பு

பாட்டு காதுக்கு உரியது. ஆயினும் அது கண்ணைக் கவர்ந்து விலைபோன காலம் ஒன்று உண்டு. வானொலி பரவாத இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கக் குடும்பங்கள் புதுப் பாடல்களை அச்சிட்ட சுரக்குறிப்புத் தாள்களாக வாங்கி, வீட்டுப் பியானோவில் தாமே வாசித்து மகிழ்ந்தன. 1892இல் சார்லஸ் ஹாரிஸ் இயற்றிய 'ஆஃப்டர் த பால்' பல இலட்சம் தாள்கள் விற்றது. நியூயார்க் நகரின் மேற்கு 28ஆம் தெருவில் பாட்டுப் பதிப்பாளர்கள் வந்து குவிந்தனர். ஓயாத பியானோ இரைச்சலால் அத்தெரு 'டின் பான் ஆலி', அதாவது தகரச்சட்டிச் சந்து, என்று பெயர் பெற்றது.

கடையில் தொங்கிய தாளை விற்றுக்கொடுத்தது முகப்போவியமே. பல வண்ணத்தில் ஒரு வேடிக்கைக் காட்சி. அதன் ஓரத்தில், அப்பாட்டை மேடையில் பாடியவரின் சிறு நிழற்படம். ஸ்டார்மர் சகோதரர் இருவர் இத்தகைய முகப்புகளை நூற்றுக்கணக்கில் வரைந்தனர். புதிதாக வந்த விமானமும் நகைப்புக்குப் பொருளாயிற்று. 1910இல் வெளிவந்த 'கம், ஜோசஃபின், இன் மை ஃப்ளையிங் மெஷின்' அதற்குச் சான்று.

ஆனால் மிகுதியும் நகைக்கப்பட்டவர் யார்? பிழைப்புத் தேடி வந்த ஐரிஷ்காரரும் இத்தாலியரும் யூதரும் ஜெர்மானியருமே. அவர்தம் கொச்சைப் பேச்சு பாட்டாயிற்று; மூக்கும் மீசையும் ஓவியமாயின. நகைத்தவருள்ளும் குடியேறியவர் இருந்தனர் என்பதே வியப்பு. ரஷ்யப் பேரரசிலிருந்து ஐந்து வயதில் வந்த யூதச் சிறுவன் இஸ்ரேல் பேலின், 1907இல் எழுதி வெளியிட்ட முதற்பாட்டு ஓர் இத்தாலியப் பெண்ணைப் பற்றியது. அத்தாளில் 'ஐ. பெர்லின்' என்று அச்சான பெயரே, பின்னாளில் இர்விங் பெர்லின் என உலகறிந்த பெயராயிற்று.

கறுப்பின மக்களுக்கு நேர்ந்தது வெறும் கேலியன்று, கொடுமை. அவர்களை இழிவாகத் தீட்டிய முகப்புகள் ஏராளம். 2019இல் அத்தெருவின் ஐந்து கட்டடங்கள் நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டபோது, இந்த இழிவும் விவாதத்திற்கு வந்தது. மெட்டு மறைந்தது, படம் மறையவில்லை.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. 1968இல் வெளிவந்த 'படோசன்' என்னும் இந்திப் படத்தில், தென்னாட்டுப் பாட்டு வாத்தியாராக மெஹமூத் நடித்ததைக் கண்டு நாமும் சிரித்திருக்கிறோம். சிரித்ததில் பிழையில்லை. எனினும், பள்ளியில் நம் பிள்ளையின் பேச்சை ஒருவன் பழித்துக்காட்டும்போது அதே சிரிப்பு நமக்குச் சுடுகிறதன்றோ! நம்மோடு சேர்ந்து சிரிப்பது உறவு. நம்மைப் பார்த்துச் சிரிப்பது வேறு. பிறரைப் பற்றி நாம் சொல்லும் வேடிக்கைகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும் என்பதை மறவாதிருப்போமாக.