மலைமேல் லினக்ஸ், மேகத்தில் கேம்: கொல்லிமலையிலிருந்து ஒரு பார்வை

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் லட்சக்கணக்கான வீடுகளில் லினக்ஸ் இருந்தது. அந்த வீடுகளில் பாதிப் பேருக்காவது அது லினக்ஸ் என்று தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத்தான் சொல்றேன். அடுத்த சில வருஷங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்களை எல்காட் வாங்கிக் கொடுத்தது. அதில் பல தொகுதிகளில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் போட்டிருந்தாங்க. ஆன் பண்ணியதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வரும். எது வேணுமோ அதைத் தேர்ந்தெடுக்கணும்.

பாஸ் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. சென்னை சி-டாக்கில், டெபியன் மேல் கட்டி, 2007-ல் வெளியிட்டது. எல்காட்டுக்கும் லினக்ஸ் புதுசு இல்லை. சி. உமாசங்கர் அங்கே மேலாண்மை இயக்குநராக இருந்தபோதே அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றும் வேலை நடந்தது. அரசாங்கம் தன் பக்கத்தைச் செய்துவிட்டது என்றே சொல்லலாம். பசங்க என்ன பண்ணினாங்க? அந்தக் கறுப்புத் திரையில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தாங்க. முக்கியமான காரணம், கேம்.

இந்தத் தேர்வை மட்டமாகப் பேசுபவர்கள் உண்டு. "படிக்கக் கொடுத்தா விளையாடுறாங்க" என்று. எனக்கு அப்படித் தோணவில்லை. ஒரு கணினி தன்னுடையது என்று ஒரு பதினேழு வயசுப் பையன் நம்பும் முதல் இடமே கேம்தான். கேம் எங்கே ஓடுதோ, அந்தப் பக்கம்தான் அவன் கணினி. லினக்ஸில் அன்றைக்கு இருந்தது சூப்பர்டக்ஸும் ஃப்ரோசன் பபிளும். நல்ல விளையாட்டுகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பென் டிரைவில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த ஜிடிஏ வைஸ் சிட்டி முன்னாடி பென்குயின் என்ன பண்ணும்?

இதைக் கொல்லிமலையிலிருந்து பார்க்க ஒரு காரணம் இருக்கு. நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரம். காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. மேலே வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு என்று மொத்தம் 14 நாடு. மிளகு, காபி, பலா, அன்னாசி, சாமை. செம்மேட்டில் சிக்னல் கிடைக்கும், ஒரு பள்ளத்தில் இறங்கினால் போயிடும், மறுபக்கம் ஏறினால் திரும்ப வரும். ஒரு தொழில்நுட்பம் "இனி தூரம் ஒரு பொருட்டே இல்லை" என்று சொல்லும்போது அதைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மலையில் உள்ள அரசுப் பள்ளிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் படித்தவர்கள் கைக்கும் அந்த லேப்டாப் வந்தது. இணைய வேகம் பின்னால் வந்தது. அதற்கு முன்னால் கேம் வந்து சேர்ந்த வழி பென் டிரைவ். யாராவது ஒருத்தர் சேந்தமங்கலத்துக்கோ நாமக்கல்லுக்கோ போவார், காப்பி பண்ணிக்கொண்டு பஸ் ஏறுவார். 70 வளைவு சுற்றினாலும் பென் டிரைவில் ஒரு பைட்கூடக் குறையாது.

லினக்ஸில் கேம் இல்லாமல் போனதன் கதை லேப்டாப் திட்டத்துக்கு ரொம்ப முன்னாடியே தொடங்குது. 1998-ல் ஸ்காட் டிரேக்கர் என்பவர் அமெரிக்காவில் லோகி சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வேலை ஒன்றுதான்: விண்டோஸில் வந்த நல்ல கேம்களை லினக்ஸுக்கு எழுதி விற்பது. 'சிவிலைசேஷன்: கால் டு பவர்' அப்படி வந்தது. லினக்ஸ்காரர்கள் கைதட்டினாங்க, ஆனால் போதுமான பேர் காசு கொடுத்து வாங்கவில்லை. 2002 ஜனவரியில் கடை மூடியாச்சு. ஆனால் அங்கே வேலை பார்த்த சாம் லண்டிங்கா எழுதிய எஸ்டிஎல் என்ற நூலகம் தப்பித்தது. இன்றைக்கும் கணக்கில்லாத கேம்கள் அதன்மேல் நிற்குது. அவரும் பிற்பாடு வால்வ் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

வால்வ் ஏன் லினக்ஸ் பக்கம் திரும்பியது? பாசத்தால் இல்லை. 2012-ல் விண்டோஸ் 8 வரப்போகுது, அதோடு மைக்ரோசாஃப்டின் சொந்தக் கடையும் வருது. ஸ்டீம் என்பது விண்டோஸ் வீட்டில் வாடகைக்கு இருக்கும் கடை. வீட்டுக்காரரே கடை திறந்தால் வாடகைக்காரர் நிலைமை என்ன? வால்வின் கேப் நியூவெல் அந்த வருஷம் விண்டோஸ் 8-ஐப் பேரழிவு என்றே சொன்னார். 2013 பிப்ரவரி 14-ல் லினக்ஸுக்கு ஸ்டீம் வந்தது. 2015 நவம்பரில் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் பெட்டிகள் வந்து, விற்காமல் போச்சு. காரணம் பழையதுதான்: கேம் இல்லை.

திருப்பம் 2018 ஆகஸ்டில். புரோட்டான். 1993-லிருந்து வளர்ந்துவந்த வைன் என்ற திட்டத்தின் மேல் வால்வ் கட்டிய அடுக்கு அது. விண்டோஸ் கேம் டைரக்ட்எக்ஸ் என்ற மொழியில் கிராபிக்ஸ் அட்டையிடம் பேசும். லினக்ஸில் அந்த மொழி கிடையாது. நடுவில் டிஎக்ஸ்விகே என்ற மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து, அந்தப் பேச்சை உடனுக்குடன் வல்கன் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும். கேமுக்குத் தான் விண்டோஸில் இல்லை என்பதே தெரியாது.

லினக்ஸ் கேமர்கள் எல்லாரும் குதித்துக் கொண்டாடினாங்கன்னு நினைப்பீங்க. பாதிப் பேர்தான். மீதிப் பேர் ரொம்பக் கோபப்பட்டாங்க. "நோ டக்ஸ், நோ பக்ஸ்" என்பது அவர்களுடைய பழைய முழக்கம். பென்குயினுக்கு என்றே எழுதாத கேமுக்குக் காசு கிடையாது என்று அர்த்தம். மொழிபெயர்ப்பு நன்றாக ஓடினால் எந்தக் கம்பெனி இனி லினக்ஸுக்கு என்று தனியாக எழுதப்போகுது என்று கேட்டாங்க. அவர்கள் பயந்ததுபோலவே லினக்ஸுக்கென்று தனியாக எழுதிய பெரிய கேம்கள் குறைந்துபோச்சு. ஆனால் விளையாடக் கிடைத்த கேம்கள் ஆயிரக்கணக்கில் கூடின. என் கட்சி எது என்று கேட்டால், கேம் ஓடட்டும் என்பதுதான். தூய்மை பார்த்து ஒரு தலைமுறையை இழந்தாச்சு.

அந்த இழப்பை மலையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும். புரோட்டான் வந்த 2018-ல் முதல் தொகுதி லேப்டாப்களுக்கு ஏழு வயசு. அந்தக் காலத்து சாண்டி பிரிட்ஜ் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸில் வல்கனே கிடையாது. அதாவது, லினக்ஸ் கேம் ஓட்டக் கற்றுக்கொண்டபோது, தமிழ்நாட்டில் லினக்ஸ் போய்ச் சேர்ந்த பெட்டிகளில் பலவற்றில் அது ஓட வழியில்லை. பசங்களும் அங்கே இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்துவிட்டது, 2018 மார்ச்சில் பப்ஜி மொபைல் வந்துவிட்டது. கேம் போனுக்குக் குடிபோயாச்சு.

இதே நேரத்தில் இன்னொரு கூட்டம் வேற வாக்குறுதி கொடுத்துக்கொண்டிருந்தது. பெட்டியே வேண்டாம், கேம் எங்க சர்வரில் ஓடும், உங்களுக்குப் படம் மட்டும் வரும் என்று. ஆன்லைவ் 2010-ல் இதைத் தொடங்கி 2015 ஏப்ரலில் மூடியது. கூகுள் 2019 நவம்பர் 19-ல் 14 நாடுகளில் ஸ்டேடியாவைத் திறந்தது (நாடு என்றால் கொல்லிமலை நாடு இல்லை, அமெரிக்கா, இங்கிலாந்து மாதிரி நாடு). இந்தியா அந்தப் பட்டியலில் கடைசி வரை வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஸ்டேடியாவின் சர்வர்களில் ஓடியது டெபியன் லினக்ஸும் வல்கனும்தான். பாஸுக்கு அடியில் இருக்கும் அதே டெபியன். ஸ்டேடியாவுக்காக லினக்ஸில் எழுதும் கேம்கள் தங்கள் மேசைக்கும் வரும் என்று லினக்ஸ்காரர்கள் கொஞ்ச நாள் ஆசையோடு காத்திருந்தாங்க. வரவில்லை. அவை கூகுளின் சர்வருக்கென்று தைத்த சட்டை.

இந்த ஸ்ட்ரீமிங் கொல்லிமலையில் எப்படி இருக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டேடியா கேட்ட குறைந்தபட்ச வேகம் விநாடிக்கு 10 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி. நாளுக்கு 1.5 ஜிபி தரும் போன் திட்டத்தில் சரியாக 20 நிமிஷம். 4கே தரத்துக்கு 35 மெகாபிட், மணிக்கு 15.75 ஜிபி. அந்தக் கணக்கை விட்டுடலாம்.

சரி, டேட்டா இருக்குன்னே வைத்துக்கொள்வோம். தூரம்? இங்கேதான் பலர் தப்பான ஆளைக் குற்றம் சொல்றாங்க. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னை சர்வருக்கு இழை வழி சுற்றி 500 கிலோமீட்டர் என்று எடுத்தாலும், போய்த் திரும்ப 5 மில்லிவிநாடி. விநாடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படத்துக்கே 16.7 மில்லிவிநாடி. சென்னைத் தூரம் ஒன்றுமே இல்லை. ஆளைக் கொல்வது கடைசி ஐந்து கிலோமீட்டர்: டவருக்கும் போனுக்கும் நடுவில் இருக்கும் மேடு, மரம், ஒரே டவரில் தொங்கும் ஊர். சினிமா பார்க்கும்போது இது தெரியாது, ஏன்னா அடுத்த அரை நிமிஷத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். கேமில் அது முடியாது. அடுத்த படம் என்ன என்பதை உங்க விரல் இன்னும் தீர்மானிக்கவில்லையே. சிக்னல் ஒரு கணம் தடுமாறினால் ஆட்டம் ஒரு கணம் நிற்கும்.

செம்மேட்டில் ஆடி மாதம் வல்வில் ஓரிக்கு விழா எடுப்பாங்க. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று துளைத்த ஓரி. அவன் நாணை விட்டு அரை விநாடி கழித்து அம்பு கிளம்பியிருந்தால் உடும்பாவது மிஞ்சியிருக்கும். லேக் என்றால் இதுதான்.

ஸ்டேடியா மேல் கேமர்களுக்கு இருந்த கோபம் லேக் மட்டும் இல்லை. கேமை முழு விலைக்கு வாங்கணும், ஆனால் கையில் எதுவும் வராது. 2022 செப்டம்பர் 29-ல் மூடப்போவதாக அறிவித்து, 2023 ஜனவரி 18-ல் மூடினாங்க. வாங்கிய கேம்களுக்கும் கூகுள் கடையில் வாங்கிய கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க, அதைச் சொல்லியாகணும். ஆனால் சில கேம்களில் நூற்றுக்கணக்கான மணிநேரம் விளையாடி வைத்த நிலை அப்படியே போய்விடுமே என்று தவித்தவர்களுக்குப் பணம் பதில் இல்லை. ஜீஃபோர்ஸ் நவ் 2020 பிப்ரவரியில் முழுசாகத் திறந்த சில நாளிலேயே ஆக்டிவிஷன் பிளிஸார்ட் தன் கேம்களை வெளியே எடுத்துக்கொண்டது. அங்கே விளையாடியவர்கள் அந்தக் கேம்களைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள். வாங்கின கேமை எந்தக் கணினியில் ஓட்டினால் உனக்கென்ன என்று கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

நம்ம ஊர்ப் பசங்களுக்கு இந்தப் பாடம் ஸ்டேடியா இல்லாமலே கிடைத்தது. 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைலுக்குத் தடை. போனில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு அக்டோபர் 30-ல் சர்வரும் நின்றது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது, 2022 ஜூலையில் கடையிலிருந்து காணாமல் போச்சு, 2023 மே மாதம் மறுபடி வந்தது. அது ஸ்ட்ரீமிங் இல்லை, கேம் போனில்தான் இருந்தது. ஆனால் மறுமுனையில் இருக்கும் சர்வரை யாராவது நிறுத்தினால் போனில் இருப்பது வெறும் படம். தடை சரியா தப்பா என்பது தனிக் கதை, அதை இன்னொரு நாள் பேசலாம்.

அதற்காக லினக்ஸை வைத்திருந்தால் எல்லாம் நம்ம கையில் என்றும் சொல்ல முடியாது. 2024 அக்டோபர் 31-ல் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் கேம் லினக்ஸ்காரர்களை வெளியே தள்ளியது. ஏமாற்று வேலை செய்பவர்களைப் பிடிக்க முடியவில்லை என்று காரணம் சொன்னாங்க. அதுவரை புரோட்டானில் நன்றாக ஓடிய கேம். கூட்டமாக இணையத்தில் ஆடும் கேம் எதுவாக இருந்தாலும் சாவி இன்னொருத்தர் கையில்தான். தனியாக ஆடும் கேம், வட்டில் இருக்கும் கேம், அது வேறு.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அதே மாதம் ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ் முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. அதே 2025-ன் தமிழ்நாடு பட்ஜெட்டில்தான் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்ற அறிவிப்பும் வந்தது. இந்தப் புதுப் பெட்டிகளில் லினக்ஸ் போட்டால், உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கு வல்கன் தெரியும். புரோட்டானும் இருக்கு. 2011-ல் கறுப்புத் திரையில் இரண்டாவது பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு பையனுக்குக் காரணமே இல்லை, இப்போ இருக்கு. தின்னனூர் நாட்டுப் பையன் கீழே இறங்கும்போது ஒரு கேமை இறக்கிக்கொண்டு மேலே வந்து, சிக்னல் இல்லாத மழை நாளில் முழுசாக ஆடி முடிக்கலாம். அந்த இரண்டாவது பெயரின் கீழேயும் கேம் இருக்கு என்று பெட்டியைக் கொடுக்கும்போது யாராவது அவனிடம் சொல்லணும். 2011-ல் சொல்ல எதுவும் இல்லை, அதனால் யாரும் சொல்லவில்லை.