கணிப்பொறிப் போட்டியும் மொழித் தேர்வும்

தமிழகத்தை விட்டுப் புனே நகருக்கு வந்து வாழும் நமக்கு மொழித் தேர்வு என்பது புதிய செய்தியன்று. வீட்டிலே தமிழ், கடைத்தெருவிலே மராத்தி, அலுவலகத்திலே இந்தி, பள்ளியிலே ஆங்கிலம் என நாள்தோறும் நான்கு மொழிகளுக்கிடையே நடமாடுகிறோம். எவ்விடத்தில் எம்மொழி செல்லும் என்பதை நம் குழந்தைகள் ஐந்து வயதிலேயே அறிந்துகொள்கின்றனர். அக்குழந்தைகளே வளர்ந்து, கணிப்பொறிக்கு நிரல் எழுதும் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, “எந்த மொழியில் எழுதுவது?” என்று கேட்டால் பெற்றோராகிய நாம் திகைக்கிறோம். இன்று கற்கும் மொழி நாளை வழக்கொழிந்தால் உழைப்பெல்லாம் வீணாகுமே என்னும் அச்சமும் நமக்கு உண்டு. இவ்வச்சத்துக்கு வரலாறு தரும் விடை என்ன என்பதைச் சிறிது காண்போம்.

நிரல் எழுதும் போட்டிகளுக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. கல்லூரி மாணவர்க்கான போட்டி 1970-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தோன்றிற்று. அதன் முதல் இறுதிச் சுற்று 1977-இல் நடைபெற்றது. மூவர் கொண்ட குழு, ஒரே கணிப்பொறி, ஐந்து மணி நேரம் என்பது அப்போட்டியின் முறை. பள்ளி மாணவர்க்கான அனைத்துலக ஒலிம்பியாடு 1989-இல் பல்கேரியா நாட்டின் பிராவெட்ஸ் நகரில் தொடங்கியது. அதில் மாணவர் தனித்தனியே போட்டியிடுவர். தொடக்க காலத்தில் அங்கே பெருவழக்காக இருந்த மொழி பாஸ்கல்.

பாஸ்கல் மொழியை 1970-இல் வெளியிட்டவர் சூரிச் நகரப் பேராசிரியர் நிக்லாஸ் விர்த். முறையாகச் சிந்திக்க மாணவரைப் பழக்குவதே அவர் நோக்கம். ஆயின் இடர் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வகைக் கணிப்பொறிக்கும் தனித்தனியே மொழிமாற்றி எழுதவேண்டும். இவ்விடரைக் களைந்த சூரிச் குழுவிலே கேசவ் நோரி என்னும் இந்தியரும் ஒருவர். அக்குழுவினர் பாஸ்கலை எந்தப் பொறியின் மொழிக்கும் நேரே மாற்றவில்லை. கற்பனைப் பொறி ஒன்றை வகுத்து, அதன் எளிய இடைமொழிக்கு மாற்றினர். பிறகு அவ்விடைமொழியை அறியும் சிறு நிரல் ஒன்றை அந்தந்தப் பொறிக்கு எழுதினால் போதும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். தமிழிலிருந்து அசாமிய மொழிக்கு நேரே பெயர்க்க வல்லவர் அரியர். இந்தி வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ செல்வதே வழக்கம். அதே வழியைப் பொறியிடத்தும் கையாண்டனர். பாஸ்கல் சிறு கணிப்பொறிகளுக்கும் பரவி, பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு எட்டியதற்கு இவ்வழியே பெருந்துணையாயிற்று.

இதில் நம் புனே நகருக்கும் தொடர்பு உண்டு. டாட்டா நிறுவனத்தார் 1981-இல் இந்நகரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் நோரி பின்னர் நெடுங்காலம் பணியாற்றினார். 1987 டிசம்பரில் கணிப்பொறியியலின் அடிப்படைகள் பற்றிய மாநாடு இங்கே கூடியபோது, அதன் கட்டுரைத் தொகுதியைப் பதிப்பித்தவரும் அவரே.

இன்று ஒலிம்பியாடு போட்டியின் மொழிப் பட்டியலில் பாஸ்கல் இல்லை. அதனைக் கையாளும் மாணவர் தொகை ஆண்டுதோறும் குறைந்தது. சி++ மொழியோ ஆயத்தக் கருவிகள் பலவற்றைத் தன் நூலகத்தில் வைத்திருந்தது. அப்படியாயின், பாஸ்கல் கற்றவரின் உழைப்பு வீணாயிற்றா? இல்லை. பெரிய கணக்கைச் சிறு கூறுகளாகப் பிரித்தலும், தரவை ஒழுங்குபடுத்தலும் எம்மொழிக்கும் பொதுவானவை. இடைமொழி என்னும் உத்தியுங்கூட மறையவில்லை. 1995-இல் வெளிவந்த ஜாவா அதனையே மேற்கொண்டது.

எனினும், எம்மொழியாயினும் ஒன்றே என்று இருந்துவிடலாகாது. முதலில் போட்டியின் விதியைப் படித்தல் வேண்டும். அடுத்து நேரத்தை எண்ணுதல் வேண்டும். சி++ ஒரு நொடியில் முடிக்கும் வேலைக்குப் பைத்தான் அதனினும் பல பத்து மடங்கு நேரம் கொள்ளக்கூடும். கல்லூரிப் போட்டியில் பைத்தானுக்கு இடமுண்டு. ஆயினும் எல்லாக் கணக்கையும் அதில் உரிய நேரத்துள் முடிக்க இயலும் என்று நடுவர் உறுதி கூறுவதில்லை.

விரைவு ஒன்றே தகுதியுமன்று. 1 முதல் 20 வரையுள்ள எண்களைப் பெருக்கிவரும் தொகை, சி++ மொழியில் முழு எண்ணுக்கு வழக்கமாக ஒதுக்கும் மிகப் பெரிய இடத்தில் அடங்கும். 21 வரை பெருக்கினால் அடங்காது. எச்சரிக்கை ஏதுமின்றித் தவறான விடையே வந்து நிற்கும். பைத்தானோ 100 வரை பெருக்கி, 158 இலக்கங்களையும் பிழையின்றித் தரும். ஆகவே ஒரு மொழியின் வலிமையோடு அதன் குறையையும் அறிந்து, கைப்பழக்கம் மிகுந்த மொழியையே போட்டி நாளில் எடுத்தல் நன்று. அன்றைய தினம் புதுமொழி பழகும் நாளன்று.

இந்தியா இவ்வொலிம்பியாடில் 2002-ஆம் ஆண்டு முதல் பங்குகொண்டு வருகிறது. நம் நாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் பணியில் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் பங்கு பெரிது. அத்தேர்வின் முதற்படிகளுள் ஒன்றாக அமைத்த எழுத்துத் தேர்வு நாம் கருதத்தக்கது. அதில் கணிப்பொறி இல்லை, நிரல்மொழியும் இல்லை. தாளும் எழுதுகோலும் கொண்டு, கணக்கின் வழியைக் கண்டு விடை எழுதினால் போதும்.

இதனை நம் இல்லங்களிலும் பின்பற்றலாம். பிள்ளை விசைப்பலகையைத் தொடுமுன், கணக்கைத் தீர்க்கும் வழியைத் தாய்க்கோ பாட்டிக்கோ தமிழில் சொல்லிக் காட்டட்டும். கேட்பவர்க்குக் கணிப்பொறி தெரிய வேண்டுவதில்லை, “அதற்குப் பிறகு என்ன?” என்று கேட்டால் போதும். சொல்ல இயலாமல் தடுமாறும் இடமே சிந்தனை தெளியாத இடம். தடையின்றிச் சொல்லி முடித்தபின், சி++ எழுதுவதா பைத்தான் எழுதுவதா என்னும் வினாவுக்கு விதியும் நேரமும் பழக்கமும் விடை கூறும். பட்டியலிலிருந்து மொழிகள் நீங்கலாம். தெளிந்த வழியைக் கண்ட பிள்ளைக்கு அதனால் இழப்பு சிறிதே.