கிழக்கு, மேற்கு ஜெர்மனியில் பகுதிநேர வேலை: விகிதம் சொல்லாதவை

வட்டாரங்களின் பகுதிநேர வேலை விகிதங்களை ஒப்பிடும் ஆய்வுகள், இடைவெளி குறைகிறதா கூடுகிறதா என்ற கேள்வியோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. ஜெர்மனிக்கு அந்தக் கேள்வி போதாது. இரு ஜெர்மனிகளின் இணைப்புக்கு அடுத்த ஆண்டான 1991இல், மேற்கில் வேலைக்குச் சென்ற பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பகுதிநேரப் பணியாளர். கிழக்கில் ஆறில் ஒருவர் அளவே. இன்று மேற்கில் அது பாதியை ஒட்டி நிற்கிறது. கிழக்கிலும் ஏறியிருக்கிறது, ஆனால் மேற்கை எட்டவில்லை. கிழக்கு மெல்ல மேற்கைப் போலாகி வருகிறது என்று இதற்குப் பொருள்கொள்வதை நான் ஏற்கவில்லை.

மேற்கின் பகுதிநேர வேலையைச் சட்டமும் வரியும் சேர்ந்தே உருவாக்கின. குடும்பக் கடமைகளுக்கு இடையூறில்லாத அளவில்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதி 1977 வரை உரிமையியல் சட்டத்தில் இருந்தது. பள்ளிகள் நண்பகலோடு முடிந்தன. 1958 முதல் நடப்பிலுள்ள தம்பதியர் கூட்டு வரிமுறையில் கணவர் மூன்றாம் வரிப்பிரிவையும் மனைவி ஐந்தாம் பிரிவையும் எடுத்துக்கொள்வது வழக்கம். அவ்வாறு செய்தால் மனைவியின் மாதச் சம்பளத்தில் பிடித்தம் கடுமையாகிறது. 2003இல் மாதம் 400 யூரோ உச்சவரம்போடு விரிவாக்கப்பட்ட ‘மினிஜாப்’ என்னும் சிறுவேலை முறை இந்தக் கணக்கை இன்னும் இறுக்கியது. வரம்புக்குள் சம்பாதிக்கும் மனைவி கணவரின் மருத்துவக் காப்பீட்டிலேயே கட்டணமின்றித் தொடரலாம். கடையில் இன்னும் சில மணி நேரம் கூடுதலாக நிற்பதால் கைக்கு வருவது சொற்பம் என்றால் யார் நிற்பார்கள்?

கிழக்கின் கதை வேறு. இணைப்புக்கு முன் அங்கே பெண்கள் முழுநேரம் உழைப்பதே இயல்பாக இருந்தது. குழந்தைக் காப்பகங்கள் அதற்குத் துணைநின்றன. இன்றும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கே காப்பகம் செல்கின்றனர். மேற்கில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். கிழக்கில் பகுதிநேர வேலை பெருகத் தொடங்கியது ஆலைகள் மூடப்பட்ட தொண்ணூறுகளில். முழுநேர வேலை கிடைக்காததால்தான் இதில் இருக்கிறோம் என்று சொன்னவர்கள் மேற்கைவிடக் கிழக்கில் அதிகம். கிழக்கின் பகுதிநேரப் பெண்களின் வார வேலை நேரமும் மேற்கத்தியப் பகுதிநேரப் பெண்களுடையதைவிட நீளமானது.

இதனால் வரையறையே முடிவை மாற்றிவிடுகிறது. ஓஇசிடி அமைப்பின் பொது வரையறையில் வாரம் 30 மணி நேரத்துக்குக் குறைந்தால்தான் பகுதிநேரம். ஐரோப்பியத் தொழிலாளர் கணக்கெடுப்போ பதில் சொல்பவரின் சொல்லையே ஏற்கிறது. கிழக்கிலுள்ள லைப்சிக்கில் வாரம் 32 மணி நேரம் உழைக்கும் செவிலியர், தம்மைப் பகுதிநேரப் பணியாளர் என்று சொன்னால், ஒரு பட்டியலில் பகுதிநேரம், இன்னொன்றில் முழுநேரம். இத்தகையவர்கள் கிழக்கில் மிகுதி என்பதால், ஓஇசிடி அளவுகோல் இடைவெளியை விரித்துக் காட்டும். ஐரோப்பியக் கணக்கெடுப்பு சுருக்கிக் காட்டும்.

விகிதத்தோடு வேலை நேரப் பரவலையும், பகுதிநேரத்தைத் தேர்ந்த காரணத்தையும் சேர்த்து வெளியிடாத வட்டார ஒப்பீட்டை எதற்கும் சான்றாகக் கொள்ள முடியாது. எடுத்துக்காட்டாக, கூலி குறைந்த கிழக்கில் பெண்களின் சராசரி முதுமை ஓய்வூதியம் மேற்கத்தியப் பெண்களுடையதைவிட உயர்ந்திருப்பதை வெறும் விகிதத்தைக் கொண்டு விளக்க வழியில்லை; ஆண்டுக்கணக்கில் திரண்ட வேலை நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.