எடைத்தட்டிலிருந்து மரபணுச் சில்லு வரை: வேதிப்பொருள்களுக்கு மரபணுக்கள் தரும் பதிலை நச்சியல் அறிந்த வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

உடலுக்குள் நுழையும் வேதிப்பொருளுக்கு மரபணுக்கள் பதில் தருகின்றன. சில விழித்தெழுகின்றன, சில அடங்கிவிடுகின்றன. டி.என்.ஏ.வின் எழுத்து மாறாமலேயே நடக்கும் இந்த மாற்றத்தை நச்சியல் ஆய்வகங்கள் எப்படிக் கண்டன, எப்படி அளந்தன, அதற்கு என்ன பொருள் கொண்டன என்பதை 1952 முதலான காலவரிசையில் இக்கட்டுரை ஆராய்கிறது. அளக்கும் கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. ஆனால், 'இந்தப் பதில் உடல் தன்னைக் காத்துக்கொள்வதா, கேட்டின் தொடக்கமா?' என்ற கேள்வி முதல் ஆய்விலிருந்தே தொடர்கிறது. அக்கேள்வியைத் தொழிலாளர் உடல்நலக் கண்காணிப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்பது கட்டுரையின் துணிபு.

1. முன்னுரை

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பை இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கும் நச்சியலுக்குமான ஃபிரெட்ரிக் நிறுவனம் என்ற பெயரில் இயங்கி, இன்று பன்னாட்டு உயிரித்தொழில்நுட்பவியல், நச்சியல் நிறுவனம் என்று வழங்கும் ஆய்வகம் இவ்வூரில்தான் உள்ளது. பூச்சிக்கொல்லி முதலான வேதிப்பொருள்கள் பதிவுபெற்று விற்பனைக்கு வருமுன் அவற்றின் நச்சுத்தன்மையைச் சோதித்துச் சொல்வது இதன் பணிகளுள் ஒன்று. அதே சாலையில் மேற்கே சென்றால் ஒரகடம். அங்கிருந்து வடக்கே திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் ஊன்றியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும் அப்பல்லோ டயர் ஆலையும் இயங்கத் தொடங்கின. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஊர்கள் ஒரு தலைமுறைக்குள் சிப்காட் வளாகங்களாயின.

வாகனமும் மின்னணுப் பொருளும் செய்யும் எந்த வட்டாரத்திலும் பெயின்ட் கரைப்பான், வெல்டிங் புகை, முலாம் பூசும் தொட்டியின் குரோமியம், ரப்பரில் சேரும் கரித்தூள், சால்டரிங் புகை ஆகியவை தொழிலோடு வருபவை. எனவே, ஒரு வேதிப்பொருள் உயிர்ச் செல்லுக்குள் என்ன செய்கிறது என்று எலியிடம் கேட்கும் கூடமும், வேதிப்பொருள்களோடு மனிதர்கள் நாள்தோறும் வேலைசெய்யும் கூடங்களும் இங்கே ஒரே வட்டாரத்தில் அமைந்திருக்கின்றன. இந்த அண்மைதான் இவ்வாய்வின் தொடக்கப் புள்ளி.

2. கல்லீரல் காட்டிய குறி

1952இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். அசோ சாயம் ஒன்றை உணவில் கலந்து கொடுத்தால் எலிக்குக் கல்லீரல் புற்று வரும். ஆனால் அதோடு மீதைல்கொலாந்த்ரீன் என்ற வேறொரு புற்றுநோய்ப் பொருளையும் சேர்த்துக் கொடுத்தால் கல்லீரல் புற்று குறைந்தது. ஒரு நஞ்சு மற்றொரு நஞ்சுக்கு எப்படித் தடையாகும்?

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆலன் கானி, ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் ஆகிய மூவரும் 1956இல் விடையின் முதல் பகுதியைத் தந்தனர். மீதைல்கொலாந்த்ரீன் செலுத்திய எலியின் கல்லீரலில், சாயத்தைச் சிதைக்கும் நொதியின் வேகம் கூடியிருந்தது. புரத ஆக்கத்தைத் தடுக்கும் எத்தியோனினைக் கொடுத்தபோது அந்தக் கூடுதல் நின்றுபோனது. ஏற்கெனவே இருந்த நொதி முடுக்கப்பட்டதால் வேகம் கூடவில்லை. புதிய நொதி உற்பத்தியாகியிருக்கிறது என்பதே இதன் பொருள். மரபணு 'இயங்குதல்' எது என்பதை ஜாக்கோபும் மோனோவும் பாக்டீரியாவைக் கொண்டு விளக்கிய ஆண்டு 1961. அதற்கு ஐந்தாண்டு முன்பே மரபணுவின் பதிலை எலியின் கல்லீரல் காட்டிவிட்டது. அதற்குப் பெயர்தான் அப்போது இல்லை.

ஜெர்மனியில் ஹெர்பர்ட் ரெம்மர் இதே குறியைத் தூக்க மருந்து வழியே கண்டார். பார்பிட்டுரேட் வகை மருந்தைத் தொடர்ந்து பெற்ற விலங்குகளிடம் மருந்தின் பிடி நாளடைவில் தளர்ந்தது. மருந்தைச் சிதைக்கும் நொதிகளைக் கல்லீரல் பெருக்கிக்கொண்டதே காரணம். அந்த நொதிகளுள் முதன்மையானவை சைட்டோகுரோம் பி450 குடும்பத்தைச் சேர்ந்தவை. அதன் தன்மையை ஜப்பானின் ஒமுராவும் சாட்டோவும் 1962லும் 1964லும் விளக்கினர்.

நச்சியல் கூடத்தில் இது எப்படித் தெரியும் என்பதை அருகிருந்து பார்க்கலாம். 28 நாளோ 90 நாளோ நடந்த சோதனை முடிந்ததும் எலியின் கல்லீரலைப் பிரித்து, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் இழைகளையும் நீக்கி, அது உலர்ந்துவிடுமுன் எடைபோடுகிறார்கள். பார்பிட்டுரேட் வகையைச் சேர்ந்த பெனோபார்பிட்டல் போன்ற ஒரு பொருளை உண்ட எலியின் கல்லீரல் கனக்கும். அதை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், நுண்மடல்களின் மைய நாளத்தைச் சுற்றியுள்ள செல்கள் பருத்துத் தெரியும். நொதிகளைத் தாங்கும் உட்சவ்வு செல்லுக்குள் பெருகியதால் வந்த பருமன் அது. அறிக்கையின் அட்டவணையில் 'கல்லீரல் எடை கூடியது' என்று ஒரே வரியாகப் பதிவாவது, உண்மையில் பல மரபணுக்கள் சேர்ந்து தந்த பதிலின் கூட்டுத்தொகை.

பதிலைத் தூண்டும் பூட்டு எங்கே இருக்கிறது? 1976இல் ஆலன் போலண்டும் உடனுழைத்தோரும் சுண்டெலியின் கல்லீரலில் டையாக்சினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியைக் கண்டறிந்தனர். இத்தாலியின் செவேசோவில் ஆலை விபத்தால் டையாக்சின் ஊரெங்கும் பரவியதும் அதே ஆண்டுதான். டையாக்சின் இந்த ஏற்பியில் அமர்ந்ததும் ஏற்பி செல்லின் கருவுக்குள் சென்று, குறிப்பிட்ட மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. பெனோபார்பிட்டலுக்கான ஏற்பியின் பங்கு 1998இல் தெளிவானது. டையாக்சின் நமக்கு அயலூர்ச் செய்தியன்று. சென்னைப் பெருங்குடி குப்பைமேட்டைச் சுற்றி வாழ்ந்த தாய்மாரின் பாலில் அது கூடுதலாக இருந்ததை 2004இல் வெளியான ஆய்வு பதிவுசெய்திருக்கிறது.

3. கண்ணால் கண்ட பதில்

கல்லீரல் தந்தது மறைமுகச் சான்று. நேரடிச் சான்று பழ ஈயிடமிருந்து வந்தது. அதன் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் தடித்து, வரி வரியாக, சாதாரண நுண்ணோக்கிக்கே தெரியும் அளவில் இருக்கும். மரபணு மும்முரமாக ஆர்.என்.ஏ. படியெடுக்கும் இடத்தில் குரோமோசோம் புடைத்துக்கொள்ளும். இத்தாலியில் ஃபெருச்சியோ ரித்தோசாவின் ஆய்வகத்தில் யாரோ அடைகாப்புப் பெட்டியின் வெப்பத்தைக் கூட்டிவிட, அதுவரை காணாத இடங்களில் புடைப்புகள் எழுந்தன. டைநைட்ரோபீனால், சோடியம் சாலிசிலேட் ஆகிய வேதிப்பொருள்களும் அதே புடைப்புகளை எழுப்பின. உயிரியல் முக்கியத்துவம் இல்லை என்று ஓர் இதழ் திருப்பியனுப்பிய அந்த ஆய்வு 1962இல் வேறோர் இதழில் வந்தது. இடருக்கு உள்ளான செல் எந்த மரபணுவை அழைக்கிறது என்பதை மனிதக் கண் நேரில் கண்ட தொடக்ககாலத் தருணங்களுள் இது ஒன்று.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்குச் சொந்தமான ஓர் இழை உண்டு. 1970இல் சுபாஷ் சந்திர லக்கோட்டியாவும் ஏ. எஸ். முகர்ஜியும், பென்சமைடு என்ற வேதிப்பொருள் பழ ஈயின் 93டி என்னும் ஒற்றைப் புடைப்பை மட்டும் தனித்து எழுப்புகிறது என்று காட்டினர். வெப்பம் பல புடைப்புகளை எழுப்பும்போது இந்த வேதிப்பொருள் ஒன்றையே தேர்ந்தது ஏன்? லக்கோட்டியா காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் இந்தப் புடைப்பின் மரபணுவைத் தொடர்ந்தார். அது புரதம் எதற்கும் குறிப்பெழுதாமல், ஆர்.என்.ஏ.வாகவே பணிசெய்வது என்பது பின்னர் விளங்கியது. வேதிப்பொருளுக்கான பதில் என்றால் புதிய புரதம்தான் என்ற எண்ணத்தை இது விரிவாக்கியது.

லக்னோவில் 1965இல் சிப்தே ஹசன் ஜைதியின் முயற்சியால் உருவான தொழிலக நச்சியல் ஆய்வு மையம் இதே ஈயைச் சோதனைக் கருவியாக்கிக்கொண்டது. வெப்ப அதிர்ச்சி மரபணுவின் முடுக்கியோடு, நிறம் காட்டும் ஒரு பாக்டீரிய மரபணுவை இணைத்த ஈக்களை அங்கே பயன்படுத்தினர். புழுவுக்கு உணவோடு வேதிப்பொருளைக் கொடுத்து, உறுப்புகளைப் பிரித்துச் சாயக் கரைசலில் இட்டால், பதில் தந்த திசு நீலமாகும். வீட்டில் எறும்புக்கும் வயலில் பூச்சிக்கும் தூவிய பி.எச்.சி. பவுடரை இம்முறையில் ஆராய்ந்த கட்டுரை 1999இல் வந்தது. அத்தூளுக்கு இந்தியா தடை விதித்து அப்போது இரண்டாண்டுகளே ஆகியிருந்தன.

4. ஒன்றிலிருந்து ஆயிரங்களுக்கு

அதுவரை ஆய்வாளர் எந்த மரபணுவைத் தேடினாரோ அதையே கண்டார். 1995இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைக்ரோஅரே என்னும் மரபணுச் சில்லு இந்த எல்லையைத் தகர்த்தது. கண்ணாடித் தகட்டில் மரபணுத் துணுக்குகளைப் புள்ளி புள்ளியாகப் பதித்து, செல்லிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வின் ஒளிரும் படியை அதன்மேல் ஊற்றினால், எந்தப் புள்ளி எவ்வளவு ஒளிர்கிறதோ அந்த மரபணு அவ்வளவு இயங்கியிருக்கிறது. முதல் சோதனையில் 45 தாவர மரபணுக்கள் மட்டுமே இருந்தன. 1999இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் நலவாழ்வு அறிவியல் நிறுவனத்தார் இதை நச்சியலுக்குக் கொண்டுவந்து, புதிய துறைக்கு 'டாக்சிகோஜீனோமிக்ஸ்' என்று பெயரிட்டனர். தமிழில் இதை நச்சுமரபணுத்தொகையியல் எனலாம்.

அதன் தொடக்கச் சோதனைகளில் ஒன்று பழைய பெனோபார்பிட்டலையே மீண்டும் அழைத்தது. 2002இல் வெளியான ஆய்வில், பெயர் மறைத்துத் தரப்பட்ட எலிக் கல்லீரல் மாதிரிகளின் மரபணு வெளிப்பாட்டை மட்டும் பார்த்து, அந்த எலிக்குக் கொடுத்த பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் சொல்ல முயன்று, பெருமளவு வென்றனர். எடைத்தட்டில் இரு கல்லீரல்கள் ஒரே அளவு கனக்கலாம். ஆனால் கனத்ததற்கான காரணம் வேறாக இருப்பதைச் சில்லு காட்டிவிடும். ஜப்பான் 2002இல் தொடங்கிய பெருந்திட்டம் ஏறத்தாழ 170 பொருள்களுக்கான பதில்களைத் திரட்டி அனைவருக்கும் திறந்துவைத்தது. ஒரே ஆர்.என்.ஏ. மாதிரியைப் பல ஆய்வகங்கள் அளந்தால் ஒரே முடிவு வருமா என்ற ஐயத்தை, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் முன்னெடுப்பில் 2006இல் வெளியான கூட்டாய்வு பெரிதும் தீர்த்தது.

5. விதிநூலுக்குள் நுழைந்த பதில்

ஆய்வுக் கட்டுரையில் ஏற்கப்படுவது வேறு. அரசு பதிவுக்கு ஏற்கப்படுவது வேறு. இந்தியா 2002இல் நல்ல ஆய்வகச் செயல்முறைக்கான தேசியக் கண்காணிப்பு ஆணையத்தை அமைத்தது. 2011இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின், தரவுகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஏற்பாட்டில் முழு உரிமை பெற்றது. இந்த ஏற்பாட்டின்படி, தகுதிபெற்ற ஓர் இந்திய ஆய்வகம் செய்த சோதனையை ஏற்பாட்டிலுள்ள வேறொரு நாடு மறுபடி செய்யச் சொல்லாது. எத்தனையோ விலங்குகளின் உயிர் இதனால் மிஞ்சுகிறது.

அந்த அமைப்பின் வழிகாட்டி நூலில் மரபணு இயக்கமே அளவுகோலாகும் சோதனைகள் இடம்பெற்றுவிட்டன. 2009இல் ஏற்கப்பட்ட 455ஆம் வழிகாட்டி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை ஒரு பொருள் தூண்டுகிறதா என்று மனிதச் செல்களில் பார்க்கிறது. 2015இல் வந்த 442டி, தோல் ஒவ்வாமைக்கு முன்னறிகுறியான மரபணுப் பதிலைத் தோல் செல்களில் பார்க்கிறது. இரண்டிலும் மின்மினிப் பூச்சியின் ஒளி மரபணுவைச் செல்லுக்குள் இணைத்திருப்பார்கள். மரபணு விழித்தால் குழித்தட்டின் சிறு குழிக்குள் ஒளி எழும். அந்த ஒளியைக் கருவி எண்ணாக்கித் தரும். ரித்தோசா கண்ட புடைப்பும், லக்னோவின் நீலமும், இந்த ஒளியும் ஒரே குடும்பத்தவை.

6. தரமணியும் குரோமியமும்

தமிழகத்தில் 'தற்காப்பா, கேடா?' என்ற கேள்வியை மண்ணின் துயரோடு சேர்த்துக் கேட்ட இடம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்திலுள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் மையம். பாலாற்றங்கரையின் தோல் தொழிலும், ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலும் குரோமியத்தைத் தமிழகத்தின் நஞ்சாக்கியிருந்தன. எம். எம். அருள்தாஸ் குழுவினர் நாட்டுக்குரங்குகளுக்குக் குடிநீரில் ஆறிணைதிறக் குரோமியம் கொடுத்து, விரைத்திசு சிதைவதையும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுவதையும் 2005இல் வெளியிட்டனர். நஞ்சை நிறுத்தியதும் உடல் மீண்டுவர முயன்றது.

2017இல் வெளியான அடுத்த கட்ட ஆய்வு இன்னும் ஆழமானது. கருவில் விரை உருவாகும் நாள்களில் தாய் எலியின் குடிநீரில் குரோமியம் இருந்தால், பிறந்து வளர்ந்த ஆண் குட்டிகளில் விரையின் செர்ட்டோலி செல்களை இறுக்கிப் பிணைக்கும் புரதங்களின் வெளிப்பாடும் ஹார்மோன் ஏற்பிகளின் வெளிப்பாடும் குறைந்திருந்தன. குட்டி குரோமிய நீரைத் தானாகக் குடித்ததில்லை. கருவில் சில நாள்கள் கேட்ட கட்டளையை அதன் செல்கள் வளர்ந்த பின்னும் மறக்கவில்லை. தற்காப்பா, கேடா என்ற பழைய கேள்விக்குக் காலம் என்ற அளவுகோலை இந்த ஆய்வு சேர்க்கிறது: நஞ்சு நீங்கியபின் அடங்கும் பதில் தற்காப்பாக இருக்கலாம், நீங்கியபின்னும் நீடிப்பது அச்சத்துக்குரியது.

7. எலியிலிருந்து மனிதருக்கு

பெனோபார்பிட்டல் சுண்டெலியின் கல்லீரலில் கட்டியை உண்டாக்கும். வலிப்புக்காக அதைப் பல பத்தாண்டுகள் உண்ட மனிதரிடம் அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. எலியின் பதிலை அப்படியே மனிதர்மேல் ஏற்ற முடியாது. எனவே மனிதரிடமே, அவர்களுக்குத் தீங்கின்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. சீனாவின் தியான்ஜினில் பென்சீனோடு வேலைசெய்தோரும் செய்யாதோருமாக 125 தொழிலாளரின் இரத்தத்தை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைச் செய்தது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பென்சீன் இருந்த இடங்களில் வேலைசெய்தோரின் இரத்த அணுக்களிலும் மரபணு இயக்கம் மாறியிருந்தது. அமெரிக்கத் தொழிலிடச் சட்டம் ஏற்கும் எல்லை அந்த ஒரு பங்குதான்.

நமது சட்டத்தின் கண் வேறோரிடத்தில் பதிந்திருக்கிறது. போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின் 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், காற்றில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கலாம் என்று பட்டியலிட்டது. ஈய நஞ்சேற்றம், பென்சீன் நஞ்சேற்றம், குரோமியப் புண் ஆகியவற்றை அறிவிக்க வேண்டிய நோய்களாக அச்சட்டம் கொண்டிருந்தது. முதல் பட்டியல் காற்றை அளக்கிறது. இரண்டாவது நோயை எண்ணுகிறது. இரண்டுக்கும் நடுவே, நோய் முற்றுமுன் மரபணுக்கள் தரும் பதிலுக்கு இடமில்லை.

8. முடிவுரை

கானி, மில்லர் இணையர் ஆய்விலிருந்தே தொடரும் 'தற்காப்பா, கேடா?' என்ற கேள்விக்கு எழுபதாண்டு ஆய்வு ஒற்றைச் சொல்லில் விடை தரவில்லை; அளவு, காலம், உயிரினம் என்ற மூன்றையும் சேர்த்தே பதிலைப் படிக்க வேண்டும் என்று கற்பித்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் அந்தப் பாடத்தை நடைமுறைக்குக் கொண்டுவரத் தகுந்த இடம். படப்பையில் சோதனைத் திறனும், தரமணியில் மரபணு ஆய்வுப் பட்டறிவும், ஆலைகளில் ஆண்டு மருத்துவப் பரிசோதனையும் இருக்கின்றன. வேலையில் சேரும் நாளில் தொழிலாளரின் ஒப்புதலோடு எடுத்து வைக்கும் சிறிதளவு இரத்தம் பின்னாளில் ஒப்பிடுவதற்கு அடிப்படையாகும்.

இதில் ஒரு நெறி கட்டாயம் வேண்டும். வயது, புகைபழக்கம், உணவு எல்லாமே மரபணு இயக்கத்தை மாற்றும். தனியொருவரின் முடிவைக் கொண்டு அவரை வேலையிலிருந்து விலக்கினால் அறிவியலும் பிழைபடும், அறமும் பிழைபடும். ஒரு பிரிவில் வேலைசெய்வோர் பலரிடம் ஒரே மாற்றம் தெரிந்தால், திருத்த வேண்டியது அந்தப் பிரிவின் காற்றோட்டத்தையும் கரைப்பானையும்தான். எலியின் கல்லீரல் கனத்தபோது நாம் எலியைக் குறைசொல்லவில்லை. கொடுத்த பொருளைத்தான் கேள்வி கேட்டோம். தொழிலாளரின் உடல் தரும் பதிலையும் அப்படியே படிக்க வேண்டும்.