தூரம் கேளாத வில்லை

1900ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் ‘பிரௌனி’ என்னும் பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்கத் தொடங்கியது. வசதியுள்ளோரின் கலையாயிருந்த நிழற்படம் எளியோர் கைக்கும் வந்தது. இதற்குத் துணைநின்றது அசையாத ஒற்றை வில்லை.

ஒளி புகும் துளை சிறிதாயின் கதிர்க்கற்றை ஒடுங்குகிறது. குவியம் சற்றே விலகினும் மங்கல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அத்தகைய வில்லையை ஏறத்தாழ 6 மீட்டருக்குப் பொருத்திவிட்டால், அதில் பாதியாகிய 3 மீட்டர் முதல் தொடுவானம்வரை யாவும் தெளிவாகும். ஆனால் நல்ல வெயில் வேண்டும். மிக அருகிலுள்ள முகம் மங்கும்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாதது இராமேசுவரக் கடற்கரை. இந்தியாவில் உருவான ‘அக்ஃபா கிளிக் 3’ போன்ற எளிய கேமராக்களுக்கு அது உகந்த இடம்.

1964 டிசம்பர் 22 இரவு எழுந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் இன்றும் அங்கு எஞ்சியுள்ளன. அதற்கு முன்னர் அங்கே எடுத்த படம் ஏதேனும் உங்கள் இல்லத்துப் பழைய பெட்டியில் இருக்குமாயின், முகங்களோடு நின்றுவிடாதீர்கள், பின்னணியையும் உற்றுநோக்குங்கள். எடுத்தவர் கருதியது உறவினரை மட்டுமே. தூரம் கேளாத வில்லையோ, அவர்களுக்குப் பின்னிருந்த ஊரையும் சேர்த்தே காத்து வைத்திருக்கும்.