ஒரே குட்டை, இரண்டு படிப்பு

சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி அறுவடைக் காலத்தில் சேகோ (ஜவ்வரிசி) ஆலையைக் கடந்து போகிறவர்களுக்கு அந்தப் புளித்த வாடை பழக்கம். கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிடுவார்கள். அடியில் மாவு படிந்ததும் மேல்நீர் வெளியேறும். மண்குட்டையில் தேங்கினால் அது புளித்து நாறும். குமிழி குமிழியாக மீத்தேன் கிளம்பும். இந்தக் குட்டையின் கரையில் நிறுத்தியே இரண்டு முதுநிலைப் படிப்புகளை ஒப்பிட விரும்புகிறேன். ஒன்று, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல். மற்றொன்று, டெல்லி டெரி உயர்கல்வி நிறுவனத்தின் எம்.எஸ்சி. காலநிலை அறிவியல் மற்றும் கொள்கை. இரண்டும் இரண்டாண்டுப் படிப்புகள்.

பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கப்பட்ட அரசுப் பல்கலைக்கழகம். கட்டணம் நம் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும். ராசிபுரத்துப் பிள்ளை வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். டெரி 1999-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே கட்டணம் பல மடங்கு. தங்கும் செலவு தனி. ஆனால் அமைச்சகங்களும் கொள்கை ஆய்வு நிறுவனங்களும் அதே ஊரில் இருக்கின்றன.

முதல் படிப்பு அளக்கக் கற்றுத்தருகிறது. குட்டை நீரில் சிறிதளவு எடுத்து, டைகுரோமேட்டும் அமிலமும் சேர்த்து, 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடேற்றுவார்கள். கழிவு அதிகமானால் ஆரஞ்சு நிறம் பச்சையை நோக்கி மாறும். கிடைக்கும் எண் சி.ஓ.டி., அதாவது அந்நீரிலுள்ள கழிவை முழுதாக ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு.

இரண்டாவது படிப்பு அந்த எண்ணை வாங்கி வேறு கணக்கு போடுகிறது. காற்றுப் புகாமல் மட்கினால், ஒரு கிலோ சி.ஓ.டி.யிலிருந்து அதிகபட்சம் கால் கிலோ மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்ப விளைவு கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 28 மடங்கு. ஆக, ஒரு கிலோ சி.ஓ.டி. ஏழு கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகலாம். குட்டையை மூடிக் கலனாக்கினால் அதே வாயு எரிபொருளாகும். அந்தக் கலனுக்கு முதல் போடுவது யார், சிறு ஆலைக்குக் கடன் எப்படிக் கிடைக்கும், விதி எப்படி அமைய வேண்டும் என்பவை இந்தப் படிப்பின் கேள்விகள்.

வேலைகளும் இப்படியே பிரிகின்றன. அளக்கத் தெரிந்தவருக்கு ஆலைகளின் சுத்திகரிப்பு நிலையம், ஆய்வுக்கூடம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவி ஆகியவை உண்டு. நெட் தேர்வில் தேறினால் ஆசிரியப் பணிக்கும் வழி. கொள்கை படித்தவருக்குப் புதிய வாசல்கள் திறந்திருக்கின்றன. பங்குச் சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்பது சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் விதி. எஃகு, அலுமினியம் போன்ற இறக்குமதிகளின் கார்பன் விவரத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் முதல் கேட்கிறது. இரும்பாலை ஊரான சேலத்துக்கு இது அயல் செய்தி அல்ல. ஆனால் இவ்வேலைகளில் பெரும்பகுதி பெருநகரங்களில்தான்.

இரண்டுக்கும் குறை உண்டு. அளந்த எண் ஆலை முதலாளிக்கு ஒரு நோட்டீஸாகப் போய்க் கோப்பில் முடங்கலாம். குட்டையைப் பார்க்காமல் எழுதிய கொள்கையோ, கிழங்குச் சக்கையான திப்பி காயும் களம் எது, கழிவுநீர் ஓடும் வாய்க்கால் எது என்று தெரியாமல் தடுமாறும்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இந்த வரிசை: முதலில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அதன் மேல் கொள்கையைக் கட்டுங்கள். அதற்குக் கடன் வாங்கி டெல்லிக்கே போக வேண்டும் என்றில்லை. மாவட்டங்களில் இளைஞர்களை அமர்த்தும் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் தமிழ்நாட்டிலேயே வந்துவிட்டது. டெல்லி வாய்த்தவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் ரயிலேறுமுன் ஒரு நாளாவது சேகோ ஆலைக் குட்டையிலோ நாமக்கல் கோழிப்பண்ணையின் எருக்குவியலிலோ மாதிரி எடுத்துவிட்டுப் போகட்டும். கொள்கைக் கூட்டத்தில் “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று யாராவது கேட்கும்போது, அதை அளந்த கை தங்களுடையது என்று அவர்களால் சொல்ல முடியும்.