வீட்டுக்குள் வந்த கம்பி

1753 ஆகஸ்ட் 6 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் இருந்த பேராசிரியர் கியோர்க் வில்ஹெல்ம் ரிக்மான், இடி முழக்கம் கேட்டதும் செதுக்கு ஓவியர் இவான் சொக்கோலோவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார். அவர் வீட்டுக் கூரையில் ஓர் இரும்புக் கம்பி நின்றது. அதன் தொடர்ச்சி வீட்டுக்குள் இறங்கி, நூலிழை ஒன்று தொங்கும் அளவுக் கருவியில் முடிந்தது. மேகத்தில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதை அந்த நூல் விலகும் கோணத்தைக் கொண்டு அளக்க விரும்பினார் ரிக்மான். அளக்க வேண்டுமானால் மின்சாரம் மண்ணுக்குள் ஓடிவிடக் கூடாது. ஆகவே கம்பி எங்கும் பூமியைத் தொடாதபடி அமைத்திருந்தார். கருவியை அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீலம் கலந்த நெருப்பு உருண்டை ஒன்று கம்பியிலிருந்து அவர் நெற்றிக்குத் தாவியது. அந்த இடத்திலேயே இறந்துபோனார். சொக்கோலோவ் மயங்கி விழுந்து, பிழைத்துக்கொண்டார். அதே புயலின்போது தன் வீட்டிலும் இதே சோதனையில் ஈடுபட்டிருந்த சக அறிவியலாளர் லொமொனோசொவ் விவரங்களைக் கடிதமாக எழுதிவைத்ததால், இந்த மரணம் நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

ஹாம்களின், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களின், ரேடியோ நிலையங்களுக்கான மின்னல் பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் இடிதாங்கியிலிருந்து தொடங்குவார்கள். ரிக்மானிடமிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. இடிதாங்கி கூரையிலிருந்து மண்ணுக்கு வெளிப்புறமாக இறங்குகிறது, வீட்டுக்குள் வருவதில்லை. ஆன்டெனா அப்படிப்பட்டதல்ல. உயரத்தில் நிற்கும் உலோகம், மண்ணோடு சேராமல் காக்கப்பட்டு, ஒருவர் கைவைத்திருக்கும் கருவி வரை வீட்டுக்குள் வருகிறது. ரிக்மானின் அமைப்பு இதுவேதான். இப்படி வந்த கம்பியை என்ன செய்வது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் வரலாற்றில் அடுத்தடுத்துக் கிடைத்தன: வேண்டாத நேரத்தில் மண்ணோடு இணைத்துவிடுவது, சிறு இடைவெளி விட்டு மின்னலை மட்டும் தாவ விடுவது, வீட்டுக்குள் வரும் எல்லாக் கம்பிகளையும் ஒரே மின்னழுத்தத்தில் நிறுத்துவது. மூன்றாவது விடை ரேடியோ பிறப்பதற்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. ஆயினும் ஹாம்களின் மேசைக்கு அதுதான் கடைசியாக வந்தது. அந்தத் தாமதத்துக்குக் காரணம் அறியாமை அல்ல. விதிகளை எழுதியவர்கள் காக்க நினைத்தது வேறொன்றை. அன்றைய கருவிகளும் பிழைகளைப் பொறுத்துக்கொண்டன.

முதல் விடை ஃபிராங்க்ளின் வீட்டிலேயே கிடைத்தது. 1752 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் தன் வீட்டுக் கூரையில் அவர் நிறுத்திய கம்பி, முழுமையான இடிதாங்கி அல்ல. ஆய்வுக்காக அதை வீட்டுக்குள் இறக்கி, மாடிப்படி அருகே இரண்டாகப் பிரித்து, இரு நுனிகளிலும் சிறு மணிகளைக் கட்டியிருந்தார். மேல் கம்பியில் மின்சாரம் ஏறினால் இடையில் தொங்கும் குண்டு இரு மணிகளையும் மாறி மாறி அடிக்கும். சில சமயம் மணிகளுக்கிடையே விரல் தடிமனில் வெண்ணிற மின்னோட்டம் பாய்ந்ததையும் அவர் பதிவுசெய்திருக்கிறார். அவர் லண்டனில் இருந்தபோது மனைவி டெபோரா இந்த ஓசைக்கு அஞ்சி எழுதினார். இரண்டு மணிகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டால் மின்சாரம் ஓசையின்றிக் கீழே போய்விடும் என்று 1758இல் பதில் அனுப்பினார் ஃபிராங்க்ளின். அந்தக் கம்பித் துண்டைத்தான் பிற்காலத்து வானொலி நிலையங்களின் எர்த் சுவிட்சுக்கு முன்னோடி என்பேன். மணிகளுக்கிடையே விட்ட இடைவெளியிலோ, அவர் அறியாமலேயே, இரண்டாவது விடையும் இருந்தது.

அந்த இடைவெளியைக் கருவியாக்கியவர்கள் தந்திக்காரர்கள். நெடுந்தொலைவுக்குக் கம்பி கட்டிய பிறகுதான், மின்னல் நேராக விழாமலே கேடு செய்யும் என்பது தெரிந்தது. தொலைவில் அடிக்கும் மின்னல்கூடத் தந்திக் கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது என்று 1846இல் ஜோசப் ஹென்றி அமெரிக்கத் தத்துவக் கழகத்துக்கு அறிவித்தார். தந்தி நிலையங்களில் இரு உலோகத் தகடுகளை மயிரிழை இடைவெளியில் எதிரெதிரே வைத்து, ஒன்றைத் தந்திக் கம்பியோடும் மற்றதை மண்ணோடும் இணைத்தார்கள். தந்தியின் சிறு அழுத்தத்துக்கு அந்த இடைவெளி சுவர். மின்னலின் அழுத்தத்துக்குத் திறந்த வாசல். இன்று ஆன்டெனா கேபிளில் பொருத்தும் மின்னல் தடுப்பானான அரெஸ்டருக்குள் இருக்கும் வாயுக் குழலும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மூன்றாவது விடையின் தடயம் ஒரு விபத்தில் இருக்கிறது. லண்டனுக்குக் கிழக்கே பர்ஃப்ளீட்டில் இருந்த அரசு வெடிமருந்து வளாகத்துக்கு, ஃபிராங்க்ளினும் இடம்பெற்ற குழுவின் பரிந்துரைப்படி, கூர்முனை இடிதாங்கிகள் பொருத்தப்பட்டன. 1777 மே 15 அன்று அங்கிருந்த ஒரு கட்டடத்தில் மின்னல் விழுந்தது. இடிதாங்கி இருந்தும், கூரைச்சுவரின் மூலையில் கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பிடியில் அது இறங்கிச் சில செங்கற்களைச் சிதறடித்தது. முனை கூராக இருக்க வேண்டுமா, உருண்டையாகவா என்ற சண்டை இதனால் மூண்டது. பெஞ்சமின் வில்சன் உருண்டைக்காக வாதாடினார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரும் அந்தப் பக்கம் சாய்ந்தார். அமெரிக்க விடுதலைப் போரின் கசப்பு அந்தச் சண்டைக்குச் சூடேற்றியது. ஆனால் அந்த மூலை சொன்ன செய்தி முனையைப் பற்றியதே அல்ல. கட்டடத்தில் இருக்கும் உலோகத் துண்டு ஒன்று இடிதாங்கியோடு சரியாகப் பிணைக்கப்படாமல் விடப்பட்டால், மின்னல் இடையில் இருக்கும் காற்றையோ கல்லையோ உடைத்துக்கொண்டு போகும். இந்தச் செய்தியை அன்று யாரும் உரிய அளவில் கேட்கவில்லை என்பது என்னை வருத்துகிறது. கேட்டிருந்தால் நூறாண்டு மிச்சமாகியிருக்கும்.

கேட்டவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1876இல் பிரிட்டிஷ் அறிவியல் மேம்பாட்டுச் சங்கத்தின் கூட்டத்தில் அவர் வாசித்த குறுங்கட்டுரை, மின்னலை மண்ணுக்குள் அனுப்புவது நம் நோக்கமாக இருக்கத் தேவையில்லை என்றது. கட்டடத்துக்குள் எந்த இரு புள்ளிகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு எழாமல் இருந்தால் போதும். வெடிமருந்துக் கிடங்கைச் செப்புக் கம்பிகளால் ஒரு கூடுபோலச் சூழ்ந்துவிட்டால், மின்னலால் அந்தக் கூடு முழுதும் ஒன்றாக ஏறி இறங்குமே தவிர உள்ளே ஒரு பொறியும் எழாது. உள்ளே வரும் குழாயும் தந்திக் கம்பியும் அந்தக் கூட்டோடு இணைக்கப்பட வேண்டும் என்பதையும் அவர் கவனித்தார். ஒரு வானொலி நிலையத்துக்கு இன்று சொல்லப்படும் அறிவுரையின் சாரம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1888இல், லண்டன் கலைக் கழகத்தில் ஆலிவர் லாட்ஜ் மின்னல் குறித்து ஆற்றிய உரைகள் இதற்கு வலுவான சான்றைத் தந்தன. மின்சாரத்தைச் சேமிக்கும் லைடன் ஜாடியிலிருந்து பாயும் மின்சாரத்துக்கு அவர் இரு வழிகளைத் திறந்துவைத்தார்: ஒன்று தடித்த செப்புக் கம்பி, மற்றது சிறு காற்று இடைவெளி. அன்றைய கணக்குப்படி மின்சாரம் தடையற்ற செம்பின் வழியே போயிருக்க வேண்டும். அதுவோ செம்பை விட்டுக் காற்றில் பொறியாகத் தாவியது. திடீரென எழும் மின்னோட்டத்துக்குக் கம்பியின் தன்தூண்டல்தான் பெரிய தடை. செம்பு எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் அதைப் பெரிதாகக் குறைக்க முடியாது. அஞ்சல் துறையின் தலைமை மின்பொறியாளர்களில் ஒருவரான வில்லியம் பிரீஸ் இதை ஏற்கவில்லை. அதே ஆண்டு பாத் நகரில் இருவரும் வெளிப்படையாக மோதினார்கள். இந்த ஆராய்ச்சியின் போக்கில் லாட்ஜ் கம்பிகளின் மேல் ஓடும் மின்காந்த அலைகளைக் கண்டார். அதே ஆண்டில் ஹெர்ட்ஸ் அந்த அலைகளை வெளியில் நிறுவிக் காட்டினார். அதாவது இடிதாங்கியைப் பற்றிய ஆய்வே ரேடியோவின் வாசல் வரை வந்து நின்றது. லாட்ஜின் அலையுணர்வியைத் திருத்தி, 1895இல் பீட்டர்ஸ்பர்க்கில் அலெக்சாந்தர் போப்போவ் காட்டிய கருவியின் முதல் பயனும் இடிமின்னலைப் பதிவுசெய்வதுதான். ரிக்மானின் ஊரிலேயே மேகத்தை அறியும் கம்பி மறுபடி எழுந்தது. இம்முறை அதன் மறுமுனை மண்ணில் புதைந்திருந்தது.

இவ்வளவு தெரிந்திருந்தும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாம்களுக்கு வாய்த்தது ஒரு சுவிட்ச் மட்டுமே. அமெரிக்காவில் அன்றைய தேசிய மின் விதிகளின் பின்னால் இருந்தவர்கள் தீக்காப்பீட்டு நிறுவனங்கள். வீட்டுக் கூரைகளில் சிறுவர்கள் ஏரியல் கட்டத் தொடங்கியதும், நிலையம் இயங்காத நேரத்தில் ஏரியலைத் தடித்த கம்பி வழியாக மண்ணோடு இணைத்து வைக்க வேண்டும் என்றும், அதற்கு 100 ஆம்பியர் தாங்கும் கத்தி சுவிட்ச் வேண்டும் என்றும் விதித்தார்கள். மரவீடு எரிந்தால் இழப்பீடு தர வேண்டியவர்கள் அவர்கள். ஏரியலின் மின்னோட்டம் சுவரைப் பற்றவைக்காமல் இருந்தால் அவர்களுக்குப் போதும். மேசையில் இருக்கும் கருவி பிழைக்குமா என்ற கேள்வி அந்த விதிக்குள் இல்லை. அவர்களைக் குறைசொல்ல முடியாது. வீடுகளைக் காக்க எழுதிய விதியைக் கருவிகளுக்கும் போதுமானதென்று ஹாம்கள் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டதுதான் பிழை. வால்வுகளின் காலத்தில் அந்தப் பிழை பெரிதாகத் தெரியவில்லை. பல நூறு வோல்ட்டில் வேலைசெய்து பழகிய வால்வு, நொடிப்பொழுது வரும் மிகையழுத்தத்தை விழுங்கிவிட்டு மறுநாளும் ஒளிரும். டிரான்சிஸ்டர்கள் வந்த பிறகு சில பத்து வோல்ட் மிகையே ரிசீவரின் முன்பகுதியைப் பொசுக்கப் போதுமானதாயிற்று. கணினி, இணையக் கம்பி, ஆன்டெனாவைச் சுழற்றும் மோட்டாரின் கேபிள் என்று மேசைக்கு வரும் வழிகளும் பெருகின.

இங்கே ஒரு சிறு கணக்கு வேண்டியிருக்கிறது. ஒரு மின்னல் வீச்சின் உச்ச மின்னோட்டம் சராசரியாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். சில மைக்ரோ நொடிகளில் அந்த உச்சத்தை எட்டும். மைக்ரோ நொடிக்கு 10,000 ஆம்பியர் உயர்வதாக வைத்துக்கொள்வோம். நீண்ட கம்பியின் தன்தூண்டல் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஹென்றி. எனவே மீட்டருக்கு 10,000 வோல்ட் எழும். ஆன்டெனாவுக்கென்று தனியாக அடித்த எர்த் கம்பிக்கு 6 மீட்டர் தொலைவு என்றால் அந்தக் கம்பியின் மேல்முனை 60,000 வோல்ட்டுக்கு ஏறிவிடும். வீட்டு மின்சாரத்தின் எர்த் வேறோரிடத்தில் இருக்கிறது, அது ஏறவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், ஒரு பக்கம் ஆன்டெனா கேபிளும் மறுபக்கம் பிளக்கும் செருகப்பட்டு அமர்ந்திருக்கிறது டிரான்ஸ்சீவர். தனி எர்த் நல்லதென்று ஹாம்களிடையே நிலவும் நம்பிக்கை, கருவியை லாட்ஜின் காற்று இடைவெளி இருந்த இடத்தில் உட்காரவைக்கிறது. அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 810ஆம் பிரிவு ஆன்டெனாவின் எர்த்தைக் கட்டடத்தின் மின் எர்த்தோடு 6ஆம் எண் கம்பியைவிட மெலியாத செப்புக் கம்பியால் பிணைக்கச் சொல்வது இதனால்தான். 2002இல் அமெரிக்க ஹாம் சங்கத்தின் கியூஎஸ்டி இதழில் ரான் பிளாக் மூன்று பகுதிகளாக எழுதிய கட்டுரை, எல்லாக் கேபிள்களும் ஒரே உலோகப் பலகையில் அரெஸ்டர்கள் வழியாக நுழைய வேண்டும் என்பதை விரிவாக விளக்கியது. மாக்ஸ்வெல்லின் கூடு 126 ஆண்டுகளில் ஒரு செப்புப் பலகையாகச் சுருங்கி ஹாமின் ஜன்னலுக்கு வந்தது.

கேபிளைக் கழற்றிவிட்டால் இத்தனையும் எதற்கு என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. வீட்டுக்கு வெளியே, மேகம் சூழும் முன்பே, மின்சாரம் உட்பட எல்லாக் கம்பிகளையும் கழற்றுபவருக்கு இதைவிட மலிவான காப்பு கிடையாது. ஆனால் கழற்றிய கேபிளின் நுனி அறைக்குள்ளேயே கிடந்தால், அது ரிக்மானின் அறைதான். ஆளில்லாத வீட்டில் யார் கழற்றுவது? பேரிடர் நேரத்தில் செய்தி அனுப்புவது ஹாம்களின் பொறுப்பு. வெளித்தொடர்பு அறுந்து அவர்கள் தேவைப்படுவதும் பெரும்பாலும் புயல் நேரத்தில்தான்.

மண்ணோடு இணைத்த கோபுரம் மின்னலைத் தேடி வரவழைக்கும் என்பது இன்னொரு மறுப்பு. வில்சன் முதல் மாக்ஸ்வெல் வரை இதைச் சொல்லியிருக்கிறார்கள். எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. உயரம் கூடினால் மின்னல் விழும் வாய்ப்பும் கூடும் என்பது மெய். ஆனால் அந்த உயரத்தை ஆன்டெனாவுக்காக நாம் ஏற்கெனவே எழுப்பிவிட்டோம். எர்த்தைத் துண்டித்தால் கோபுரம் குட்டையாகிவிடாது. விழும் மின்னல் வேறு வழி தேடும், அவ்வளவுதான். மலையுச்சிகளில் நிற்கும் ஒலிபரப்புக் கோபுரங்கள் மீண்டும் மீண்டும் மின்னலை வாங்கிக்கொண்டே ஒலிபரப்பைத் தொடர்வது, எர்த்தைத் துண்டித்ததால் அல்ல. எல்லாவற்றையும் இறுகப் பிணைத்ததால்.

மண் சரியில்லை என்பவர்களுக்கு ஹெர்பர்ட் யூஃபர் விடை சொன்னார். இரண்டாம் உலகப் போரின்போது அரிசோனாவின் வறண்ட நிலத்தில் குண்டுக் கிடங்குகளுக்கு எர்த் தேவைப்பட்டது. மண்ணில் அடித்த கம்பி உதவாது என்பதால் கட்டடத்தின் கான்கிரீட் அடித்தளத்தில் புதைந்திருந்த இரும்புக் கம்பிகளையே அவர் பயன்படுத்தினார். கான்கிரீட் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால், பல ஆண்டுகள் கழித்து அளந்தபோதும் எர்த் நன்றாகவே இருந்தது.

மிகக் கடினமான மறுப்பு அடுக்குமாடியில் குடியிருப்பவருடையது. நான்காம் மாடியில் நிலையம், மொட்டைமாடியில் ஆன்டெனா. தரை வரை இறக்கும் எர்த் கம்பி 12 மீட்டருக்குக் குறையாது. மேலே போட்ட கணக்கின்படி அந்தக் கம்பியின் மேல்முனை 1,20,000 வோல்ட்டுக்கு ஏறும். ஆகவே தனக்குப் பாதுகாப்பே இல்லை என்று அவர் முடிவுகட்டினால், முதல் இரு விடைகளோடு நின்றுவிட்டவராவார். பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை மின்னல் அடி வாங்குகிறது. பறக்கும்போது அதற்கு எர்த் என்று ஒன்றே இல்லை. ஆயினும் உலோக உடலும் எல்லாப் பாகங்களின் பிணைப்பும் சேர்ந்து உள்ளே அழுத்த வேறுபாடு எழாமல் காப்பதால், அதன் ரேடியோ தொடர்ந்து பேசுகிறது. நான்காம் மாடிக்காரரும் தன் ஆன்டெனா கேபிள், மின்சாரம், இணையக் கம்பி மூன்றையும் ஒரே பலகையில் அரெஸ்டர்களோடு சேர்த்து, கருவிகளின் உடல்களை அந்தப் பலகையோடு அகன்ற செப்புப் பட்டையால் பிணைத்து, பலகையிலிருந்து கட்டட எர்த்துக்கும் ஒரு பட்டை இறக்கலாம். நேரடியாக விழும் மின்னலின்போது அந்தப் பலகை பல்லாயிரம் வோல்ட்டுக்கு ஏறும். மேசையில் உள்ள எல்லாமும் அதோடு சேர்ந்தே ஏறும். கருவி பிழைக்க அது போதும். ஆள் மட்டும் அந்த நேரத்தில் மேசையருகே இருக்கக் கூடாது; அவருடைய கால்கள் தரையில் இருக்கின்றன, தரை அந்தப் பலகையோடு இணைக்கப்படவில்லை.